‘கடைசியில் ஓட்டத்தில் பிடித்துவிடலாம்’: முதல் டிரையத்லான் பற்றி ஒரு கேள்வியும் நீண்ட பதிலும்

வாசகர் கேள்வி: பல வருடமாக ஓடுகிறேன், அரை மராத்தான் சிரமமில்லாமல் முடிப்பேன். இப்போது ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். நீச்சல் சுமார்தான், ஏதோ சமாளிப்பேன். சைக்கிள் நடுத்தரம். ஆனால் கடைசியில் வருவது ஓட்டம் என்பதால் அதுவரை இழந்ததை எல்லாம் அங்கே பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. டிவியில் பார்த்தாலும் ஓட்டத்தில்தானே ஜெயிக்கிறார்கள்? கணக்கு சரிதானா?

பிப்ரவரி 9, இரவு

தப்பு. நானும் ஓட்டத்திலிருந்து வந்த ஆள்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். முன்னால் போகிறவரைவிட நீங்கள் கிலோமீட்டருக்கு 30 விநாடி வேகமாக ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சின்ன வித்தியாசம் இல்லை, ஓடுகிறவர்களுக்குத் தெரியும். 5 கிலோமீட்டரில் எவ்வளவு ஆயிற்று? இரண்டரை நிமிடம். இப்போது சைக்கிள். அவர் மணிக்கு 30 கி.மீ., நீங்கள் 25. அவருக்கு 40 நிமிடம், உங்களுக்கு 48. எட்டு நிமிடம் போச்சு. நீச்சலில் அவர் 100 மீட்டரை 2 நிமிடத்தில் முடிக்கிறார், உங்களுக்கு 3 நிமிடம் ஆகிறது, 750 மீட்டருக்கு அது ஏழரை நிமிடம். பதினைந்தரை நிமிடக் கடனை இரண்டரை நிமிட வருமானத்தில் அடைக்கப் பார்க்கிறீர்கள்.

அதுவும் உங்கள் வழக்கமான வேகத்தில் ஓடினால்தான். ஓட மாட்டீர்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

"முதல் பந்தயத்தில் யாரைப் பிடித்து என்ன ஆகப்போகிறது, முடித்தால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதும், தாராளமாகப் போதும். ஆனால் ஓட்டக்காரர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். முன்னால் ஒரு முதுகு தெரிந்தால் போதும், வீட்டில் எடுத்த தீர்மானம் எல்லாம் காற்றில் போய்விடும். அதனால்தான் கணக்கை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 10

ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன், ஆனால் கேள்வியில் "நீச்சல் ஏதோ சமாளிப்பேன்" என்ற வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

நீச்சல் குளத்தில் 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும். அடியில் ஒரு கோடு இருக்கும். ஓய்வு எடுக்கிறோம் என்று நமக்கே தெரியாமல் ஒவ்வொரு சுவரிலும் ஒரு விநாடி, இரண்டு விநாடி ஓய்வு எடுத்துக்கொண்டிருப்போம். ஏரியில் இறங்கினால் சுவரும் இல்லை, கோடும் இல்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் கலங்கலான பச்சை, அவ்வளவுதான். மேலே ஒருவர் கை விழுகிறது, காலில் இன்னொருவர் கை படுகிறது. குளிர்ந்த தண்ணீர் திடீரென்று உடம்பில் பட்டால் மூச்சு நம் பேச்சைக் கேட்காது, தானாக இழுத்துக்கொள்ளும். இது உடம்பின் இயல்பான எதிர்வினை, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஆட்கள் முழு வேகத்தில் கை வீசுகிறார்கள். நான் கலந்துகொண்ட பந்தயத்தில், வழி காட்டப் போட்டிருக்கும் முதல் மிதவை வருவதற்குள் எனக்கு மூச்சு மேல்மூச்சாகிவிட்டது. பத்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓடுகிற நுரையீரல் அங்கே எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் பிரச்சினை நுரையீரலில் இல்லை. மூச்சை முழுதாக வெளியே விடாமல் மறுபடி மறுபடி உள்ளே இழுப்பதுதான் பிரச்சினை. மல்லாந்து படுத்து, நீளமாக ஊதி, அப்புறம் கொஞ்சம் தவளை நீச்சல், அப்புறம் திரும்ப ஃப்ரீஸ்டைல் என்று போய்ச் சேர்ந்தேன்.

தெரியாதவர்களுக்கு: எந்த நீச்சல் முறையும் செல்லும். மல்லாந்து போகலாம். மிதவையையோ, பாதுகாப்புக்கு நிற்கும் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகையோ பிடித்து நிற்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. டிரையத்லானில் நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்ந்திருக்கிறது. நெஞ்சில் ஏதாவது தொந்தரவு இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுங்கள். பந்தய நாளுக்கு முன்னால் ஒரு தடவையாவது, துணையோடு, குளத்துக்கு வெளியே திறந்த நீரில் நீந்தியிருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் கேலி பேசுவதாக இல்லை.

பிப்ரவரி 10, மாலை

திசை பார்ப்பது எப்படி என்று கேட்டவருக்கு: ஆறு, எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை, மூச்சு எடுக்கத் திரும்புவதற்கு முன் கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வருகிற அளவுக்குத் தலையைத் தூக்கி மிதவையைப் பாருங்கள். முழுத் தலையும் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும். பார்க்காமலே போனால் 750 மீட்டர் எளிதாக 900 ஆகும். அதற்கு மெடல் எதுவும் கூடுதலாகக் கிடையாது.

எதிரே வெயில் அடிக்கும் நேரத்தில் ஆரஞ்சு மிதவையும் ஆரஞ்சுத் தொப்பியும் ஒரே மாதிரித் தெரியும். நான் கொஞ்ச தூரம் ஒரு மனிதரைக் குறி வைத்து நீந்திக்கொண்டிருந்தேன். அவர் நகர்ந்துகொண்டே இருந்தார், மிதவை இவ்வளவு தூரமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பிப்ரவரி 11

வெட்சூட், அதாவது உடம்பை ஒட்டிப் போடும் நியோப்ரீன் ரப்பர் நீச்சல் உடை, வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. நியோப்ரீன் மிதக்கும், அதனால் காலைத் தூக்கிக் கொடுக்கும். ஓட்டக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகவே உதவும், காரணம் நம் கால் மூழ்குகிற கால். கணுக்காலும் இறுகிப் போயிருக்கும், பாதம் பின்னோக்கி நீளாது. பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடித்துப் பாருங்கள், நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பின்னால் போகிறவர்களும் உண்டு.

ஆனால் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் இருந்தால் வெட்சூட்டுக்குத் தடை. அதைப் பந்தயத்தை ஒட்டி அளந்துதான் அறிவிப்பார்கள். ஆகவே அதை நம்பி நீச்சலைத் தள்ளிப்போடாதீர்கள். இரவல் வாங்கி அன்றைக்குத்தான் முதல்முறை மாட்டுவதென்றால் மாட்டாமலே இருங்கள். நெஞ்சை இறுக்கும், மூச்சுப் பதற்றம் இரண்டு மடங்காகும்.

பிப்ரவரி 13

இனி கரையேறுவோம். இதுவரை படுத்த நிலையில் இருந்த உடம்பு சட்டென்று எழுந்து நின்று ஓடும்போது ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். பயப்பட வேண்டாம், நாலு அடி நடங்கள். கரைக்கு வருவதற்குச் சற்று முன் காலைக் கொஞ்சம் வேகமாக அடித்துக்கொண்டால் நல்லது என்பார்கள். எனக்கு அது உதவியது மாதிரித்தான் இருந்தது.

டிரான்ஸிஷன் பகுதியில், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடத்தில், நூற்றுக்கணக்கான சைக்கிள் தொங்கும். காலையில் வைக்கும்போது உங்கள் சைக்கிள் தனியாகத் தெரியும், ஈரக் கண்ணோடு வரும்போது எல்லாம் ஒன்றுதான். நீர்ப்பக்க வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை என்று நடந்து எண்ணி வையுங்கள். பக்கத்துச் சைக்கிளை அடையாளம் வைக்காதீர்கள், அவர் உங்களுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போயிருப்பார். (நீச்சல் சுமார் என்றால் நிச்சயம் போயிருப்பார்.)

இங்கே இரண்டு விதி முக்கியம். ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியைப் போட்ட பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், திரும்பி வரும்போது சைக்கிளை மாட்டிய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். அப்புறம், தரையில் ஒரு கோடு இருக்கும், அதைத் தாண்டிய பிறகே சைக்கிளில் ஏறலாம், வரும்போது அதற்கு முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். ஹேண்டில்பார் நுனியில் மூடி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். விழுந்தால் திறந்த குழாய் உடம்பைக் கிழித்துவிடும் என்பதற்காக. என் சைக்கிளை ஒரு மார்ஷல் (விதிகளைக் கவனிக்கும் பந்தய அதிகாரி) பார்த்த பார்வையில் நான் செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரி 14

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள்.

ஓட்டக்காரருக்கு இதயமும் நுரையீரலும் நன்றாகப் பழகியிருக்கும். சைக்கிள் மிதிக்கிற முன்தொடை பழகியிருக்காது. இந்த இரண்டும் சேர்ந்தால் வருவதுதான் வினை. சைக்கிளில் மூச்சு சுலபமாக இருக்கும், ஓட்டத்தில் இருக்கும் இரைப்பு இருக்காது, ‘அட, நான் இன்னும் சும்மாதானே போகிறேன்’ என்று தோன்றும், ஒரு கியர் ஏற்றுவோம், இன்னொரு கியர் ஏற்றுவோம், நீச்சலில் போனவர்களில் நாலு பேரைத் தாண்டுவோம், சந்தோஷமாக இருக்கும். தொடை தீர்ந்துகொண்டிருப்பதை மூச்சு சொல்லாது. நாம் வருடக்கணக்காக மூச்சைக் கேட்டே வேகத்தை வைத்துப் பழகியவர்கள், அந்த அளவுகோல் இங்கே பொய் சொல்கிறது. சைக்கிளிலிருந்து இறங்கும்போதுதான் பில் கைக்கு வரும்.

ஆகவே கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற இலகுவான கியரில் போங்கள். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிற ஆசையை அடக்குங்கள். தாண்டிப் போகிறவர்கள் போகட்டும்.

டிராஃப்டிங் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் போகிறவரின் சக்கரத்தோடு ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறையும், மிதிக்கும் உழைப்பு நன்றாகவே குறையும். அதனால்தான் வயதுப் பிரிவுப் பந்தயங்களில் பெரும்பாலும் அதற்குத் தடை. 10 மீட்டர் இடைவெளி, நீண்ட தூரப் பந்தயங்களில் 12 மீட்டர் என்பது பரவலாக இருக்கும் விதி. உங்களை ஒருவர் தாண்டிவிட்டால் பின்வாங்க வேண்டியது நீங்கள். உங்கள் பந்தயத்தில் எப்படி என்று விதிக் குறிப்பைப் படித்துவிடுங்கள், சில இடங்களில் அனுமதி உண்டு.

பிப்ரவரி 14, இரவு

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "அப்படியானால் சிட்னியில் சைமன் விட்ஃபீல்ட் எப்படி ஜெயித்தார்?"

நல்ல உதாரணம், ஆனால் என் கட்சிக்கு. 2000 சிட்னியில்தான் டிரையத்லான் முதல்முறை ஒலிம்பிக்கில் வந்தது. கனடாவின் விட்ஃபீல்ட் சைக்கிளில் விழுந்து, எழுந்து, ஓட்டத்தில் ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் ஜெர்மனியின் வுக்கோவிச்சையும் தாண்டித் தங்கம் வாங்கினார். பார்க்கிறவர்களுக்கு ‘ஓட்டம்தான் எல்லாம்’ என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் ஒலிம்பிக்கில் டிராஃப்டிங்குக்கு அனுமதி உண்டு. கூட்டமாகப் போகிறார்கள், சைக்கிளில் யாரும் யாரையும் எளிதில் பிரிந்து போக முடியாது, நிறைய பேர் ஒன்றாக வந்து இறங்குகிறார்கள், அதற்குப் பிறகு தீர்ப்பு சொல்ல ஓட்டம் மட்டும்தான் மிச்சம். அவர்கள் எல்லோரும் நீச்சலில் மீன்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நமக்கு அந்தக் கூட்டம் கிடையாது. 20 கிலோமீட்டரும் தனியாகக் காற்றை முட்டிக்கொண்டு போக வேண்டும், நீச்சலில் விட்டது அப்படியே நிற்கும். டிவியில் பார்ப்பதும் நாம் கலந்துகொள்வதும் பேரளவில் ஒன்று, போட்டியளவில் வேறு.

பிப்ரவரி 16

சரி, ஓட்டம். பில் வந்த கதை.

சைக்கிளை மாட்டிவிட்டு ஷூவைப் போட்டு எழுந்தால் கால் என்னுடையதாக இல்லை. வலி என்று சொல்ல முடியாது. தொடை கனமாக, முழங்கால் தூக்க மாட்டேன் என்று, பாதம் தரையைத் தேடித் தேடி வைக்கிற மாதிரி. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எல்லோரும் முன்கூட்டியே சொன்னார்கள், இருந்தாலும் வந்தபோது கோபம் வந்தது. ஓட்டம் என்னுடைய இடம் இல்லையா?

இதில் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்து இறங்கியதால் ஓடுவது நகராத மாதிரித் தோன்றுகிறது. ‘ஐயோ, ஊர்ந்துகொண்டிருக்கிறேனே’ என்று நினைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தால் நான் திட்டமிட்டதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். வேகமாக மிதித்த தாளத்தையே கால் தொடர்ந்துகொண்டிருந்தது போல. அந்த வேகம் இரண்டாவது கிலோமீட்டரோடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் தாண்டியவர்களைவிட என்னைத் தாண்டியவர்கள் அதிகம். அதில் ஒருவர் என் தந்தை வயதில் இருந்தார், போகிறபோக்கில் "நல்லா போறீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

எனவே முதல் கிலோமீட்டரில் மனது சொல்வதை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள், வேண்டுமென்றே குறைத்து ஓடுங்கள். கால் திரும்பி வரும். ஒரு கிலோமீட்டரிலோ இரண்டிலோ வரும், வந்த பிறகு செலவழிக்க ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 17

நேற்றையதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் ஓட்டப் பயிற்சியே வீணா’ என்று கேட்கிறார்கள். இல்லை. இதைப் பற்றி நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஓட்டக்காரருக்கு இருக்கும் லாபம் வேகம் இல்லை. எலும்பும் தசைநாரும் அடி வாங்கிப் பழகியிருக்கிறது. நீச்சலிலிருந்து வருகிறவர்கள் ஓட ஆரம்பித்த சில வாரத்தில் முன்னங்கால் எலும்பு வலியோடு உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கலாம், நமக்கு அது குறைவு. கஷ்டமான கடைசி நேரத்தில் பொறுத்துப்போகவும் தெரியும். ஆகவே முதல் நாள் நான் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்: ஓட்டத்தில் யாரையும் பிடிக்க முடியாது என்பதில்லை. முன்னால் நடக்கிற இரண்டிலும் கையை அடக்கினவர் பிடிப்பார், மற்றவர் பிடிக்கப்படுவார்.

பயிற்சி நேரத்தைப் பங்கிடுவதென்றால் ஓட்டத்தில் கொஞ்சம் எடுத்து நீச்சலுக்குக் கொடுங்கள். நீச்சலில் வாரம் ஒருநாள் நீண்ட நேரம் போவதைவிட, மூன்று நாள் சிறிது நேரம் போவது நல்லது. அது உழைப்பைவிடப் பழக்கம் சார்ந்தது, இடைவெளி விட்டால் கை மறந்துவிடும். யாராவது கரையில் நின்று பார்த்துத் திருத்தினால் இன்னும் நல்லது. சைக்கிள் முடித்த கையோடு பத்து நிமிடம் ஓடுவது, இதை பிரிக் என்பார்கள், வாரம் ஒருமுறை போதும். நீளமாக ஓடத் தேவையில்லை, அந்த முதல் சில நிமிடத்தின் அன்னியத்தன்மை பழகினால் சரி.

பிப்ரவரி 19

கொஞ்சம் கதை பேசலாம், ஏனென்றால் இந்த வாதத்துக்குப் பொருந்துகிறது.

இன்றைய வடிவத்தில் டிரையத்லான் என்ற பெயரோடு நடந்த முதல் பந்தயம் 1974 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில். நடத்தியது யார் தெரியுமா? ஓட்டக்காரர்களின் கிளப். 6 மைல் ஓட்டம், 5 மைல் சைக்கிள், 500 கஜம் நீச்சல்! ஓட்டத்தைவிடச் சைக்கிள் குறைவு. கேள்வி கேட்ட நண்பர் பிறந்தது ஐம்பது வருடம் பிந்திவிட்டது, அந்தப் பந்தயம் அவருக்காகவே தைத்த மாதிரி இருந்திருக்கும். 46 பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். அவரும் அவர் மனைவியும் சேர்ந்துதான் பிறகு ஹவாயில் அயர்ன்மேன் என்ற நீண்ட தூர டிரையத்லானைத் தொடங்கினார்கள். 1978 பிப்ரவரியில் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். அங்கே நீச்சல் முதலில் வந்துவிட்டது, களைத்துப்போன உடம்போடு தண்ணீரில் இறங்குவதைவிட அது பாதுகாப்பு. ஓட்டம் கடைசிக்குப் போனது. அது நமக்குச் சலுகை என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 19, சற்று அப்புறம்

நீச்சலே வேண்டாம் என்கிறவர்களுக்கு டுவாத்லான் இருக்கிறது: ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். ஸ்பிரிண்டில் 5, 20, 2.5 கி.மீ. சுலபம் என்று நினைத்துப் போகாதீர்கள், இரண்டாவது ஓட்டம் இதே கதைதான். புத்துணர்ச்சியான காலோடு ஓடி நாலு பேரைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் ரிலே பிரிவில் சேருங்கள், நீந்தவும் மிதிக்கவும் வேறு இருவரைப் பிடித்துக்கொண்டு.

பிப்ரவரி 23

நண்பர் பெயர் கொடுத்துவிட்டாராம், எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம் என்று குறி கேட்கிறார். நேரம் எதுவும் சொல்ல மாட்டேன். நீச்சல் தூரம் அளந்து போட்டாலும் முன்னே பின்னே இருக்கும், சைக்கிள் பாதையில் மேடு எத்தனை என்று தெரியாது, டிரான்ஸிஷன் பகுதியின் நீளமும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பந்தயத்தின் நேரத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதே தொந்தரவு. கட்-ஆஃப் நேரம், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரம், மட்டும் என்ன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நீச்சலுக்குத் தனியாக இருந்தால் அதையும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். சைக்கிளை மாட்டும்போதே இலகுவான கியரில் விட்டு வையுங்கள், ஏறின உடனே மிதிக்க முடியும். டயரில் காற்றை அன்று காலையில் பாருங்கள். முந்தின நாள் வெயிலில் முழுக் காற்றோடு விட்டால் அழுத்தம் ஏறும். நீச்சல் கண்ணாடியின் பட்டையை மாட்டி அதற்கு மேலே தொப்பியைப் போட்டால் யார் கை பட்டாலும் கழன்று போகாது. பந்தய எண் அட்டையை எலாஸ்டிக் பெல்ட்டில் கோத்து வைத்தால் சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம் என்று திருப்பிக்கொள்ளலாம். ஷூவுக்கு முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் கயிறு வாங்கினால் அதைப் போட்டுப் பயிற்சியிலும் ஓடிப் பார்க்க வேண்டும், இறுக்கம் வேறு மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் என்பதால் சைக்கிளில் ஏதாவது சர்க்கரைத் தண்ணீரோ ஜெல்லோ எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டத்தில் வயிறு ஏற்காது.

பிப்ரவரி 23, இரவு

சாக்ஸ் போடலாமா என்பதற்கு: போடுங்கள். பதினைந்து விநாடி மிச்சம் பிடித்துக் கொப்புளம் வாங்க வேண்டாம். ஈரக் காலில் ஏறாது என்பதால் பாதிவரை சுருட்டி ஷூவுக்குள் வைத்துவிட்டு, கால் துடைக்கச் சின்னத் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பவுடர் போட்டு வெறுங்காலோடு ஓடுகிற கட்சிக்காரர்கள் இப்போது கீழே சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.